டிரசர் பதில்கள்: நோய்களுக்கு யார் பெயர் வைத்தது?

(மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட ஆஸ்பத்திரிகளில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அம்மாவுக்கு டயாபெட்டிஸ். இப்போது டயாலிசிஸ் செய்ய வேண்டி வரும் என்கிறார்கள். பேரனுக்குப் போன வாரம் டயரியா. எல்லாமே 'டயா'வில் ஆரம்பிக்கிறதே ஐயா, ஒரே வேரா? – வாசகி, லிந்தாங்

பதில்: ஒரே வேர்தான் அம்மா, கிரேக்கம். 'டியா' என்றால் ஊடாக. டயாபெட்டிஸ் என்றால் ஊடாகக் கடந்து போவது. குடித்த தண்ணீர் உடம்பில் தங்காமல் இறங்கிப்போவதைப் பார்த்து வைத்த பெயர். சதையும் கைகால்களும் உருகிச் சிறுநீராய்ப் போகின்றன என்று அரேட்டையஸ் என்ற பழங்கால கிரேக்க வைத்தியர் எழுதியிருக்கிறார். நம்முடைய 'நீரிழிவு'ம் அதையேதான் சொல்கிறது. இழிதல் என்றால் இறங்குதல். ஆனால் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் யார் நீரிழிவு என்றார்கள்? எல்லாருக்கும் அது 'இனிப்பு நீர்', மலாய்க்காரர்களுக்கு 'கெஞ்சிங் மானிஸ்'.

அந்த இனிப்பும் பெயரில் உண்டு. கிளினிக் புத்தகத்தில் டயாபெட்டிஸ் மெலிட்டஸ் என்று இருக்கும், பாருங்கள். மெலிட்டஸ் லத்தீன், தேன் கலந்தது என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து டாக்டர் தாமஸ் வில்லிஸ், நோயாளியின் சிறுநீர் தேன் போல இனிக்கிறது என்று எழுதிவைத்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்! நல்லவேளை, என் காலத்தில் பெனடிக்ட் கரைசல் வந்துவிட்டது. டெஸ்ட் டியூபில் நீல மருந்து, அதில் சில சொட்டுச் சிறுநீர், அப்புறம் சூடு. பச்சைக்கு மாறினால் சர்க்கரை கொஞ்சம். செங்கல் நிறத்துக்குப் போனால், கங்காணியாக இருந்தாலும் உட்கார வைத்துப் பேசுவேன்.

டயரியா, ஊடாக ஓடுவது. விளக்கம் வேண்டாம்.

டயாலிசிஸில் 'லிசிஸ்' என்பது அவிழ்த்தல். 1861இல் தாமஸ் கிரஹாம் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர், கரைசலில் இருப்பதைச் சவ்வு வழியாகப் பிரித்தெடுக்கும் முறைக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். சிறுநீரகம் வேலை செய்யாத நோயாளியின் ரத்தத்தை அப்படிச் சுத்தம் செய்யும் மெஷினை டாக்டர் வில்லம் கோல்ஃப் நெதர்லாந்தில் செய்தது 1943இல். அம்மாவின் ரத்தத்திலும் அதே சவ்வு வேலைதான் நடக்கப்போகிறது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அப்பாயின்மெண்டை மட்டும் தவறவிடாதீர்கள்.

கேள்வி: அனோபிலிஸ், ஏடிஸ் என்ற கொசுப் பெயர்களுக்கு என்ன பொருள்? – படிவம் 4 மாணவன்

பதில்: இரண்டுமே திட்டுதான் தம்பி. அனோபிலிஸ் என்றால் ஒன்றுக்கும் உதவாதது. ஏடிஸ் என்றால் சகிக்க முடியாதது. ஜெர்மன் பூச்சியியலாளர் மெய்கன் 1818இல் வைத்தார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று அப்போது தெரியாது. ரொனால்ட் ரோஸ் செக்கந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டது 1897இல்தான். சும்மா வைத்த வசவு பலித்துவிட்டது.

'மலேரியா' மட்டும் இத்தாலியச் சொல், கெட்ட காற்று. காற்றைக் குறை சொன்ன காலம் போய், 1901இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் கொசு வளரும் சதுப்பு நீரை வடியவைத்துக் காய்ச்சலைக் குறைத்தார். பிறகு மலைத் தோட்டங்களில் கொசுப்புழுவைக் கொல்ல நீரில் எண்ணெய் தெளிக்கும் முறை வந்தது. என் அப்பா முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு ஓடைக்கரையெல்லாம் மலேரியா எண்ணெய் அடித்தவர். சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் அந்த நாற்றம் போகாது.

கேள்வி: எனக்குக் கேஸ்ட்ரிக். இதுவும் கிரேக்கமா?

பதில்: கிரேக்கம்தான். ஆனால் 'கேஸ்டர்' வயிறு; கேஸ்ட்ரிக் என்றால் 'வயிற்றுக்குரிய', அவ்வளவுதான். நோய் என்னவென்று நீங்கள் இன்னும் சொல்லவே இல்லை! அழற்சி என்றால் பின்னால் 'ஐட்டிஸ்' சேர்த்து கேஸ்ட்ரைட்டிஸ் என்பார்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், வலி விடாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நம் செம்பனைக்கும் கிரேக்கப் பெயர் உண்டா?

பதில்: உண்டு. எலெயிஸ் கினீன்சிஸ், தாவரவியலாளர் ஜாக்குவின் 1763இல் வைத்தது. கினீன்சிஸ், ஆப்பிரிக்காவின் கினியைக் குறிக்கும். 'எலாயா' கிரேக்கத்தில் ஒலிவ மரம்; இரண்டிலும் எண்ணெய் எடுக்கிறோம் அல்லவா. ஆனால் ஒலிவம் பறிக்கிறவன் தலைக்கு மேலே பார்த்துப் பார்த்து நடக்க வேண்டியதில்லை. குலை விழுந்து தோள்பட்டை இறங்கியவர்களுக்குக் கட்டுப் போட்டவன் சொல்கிறேன்.