பெரிய டயர், ரெண்டு இஞ்ச் லிஃப்ட்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வண்டியில் இப்ப 265/70 ஆர்17 டயர் ஓடுது. 285/70 ஆர்17 போடலாமா? லிஃப்ட், அதாவது சஸ்பென்ஷன்ல வண்டியை உயர்த்துறது, கட்டாயமா?

பதில்: முதல்ல கணக்கு. 265-ங்கிறது அகலம், மி.மீ.-ல். 70-ங்கிறது பக்கச் சுவர் உயரம், அகலத்தில் 70 சதவீதம். 17-ங்கிறது ரிம் விட்டம், இஞ்ச்ல. 265/70 டயரோட மொத்த உயரம் சுமார் 803 மி.மீ. 285/70 என்றால் 831. வித்தியாசம் 28. வண்டி உயர்றது அதில் பாதி, 14 மி.மீ.தான். மீதிப் பாதி மேலே மட்கார்டுப் பக்கம் போகுது. அகலமும் 20 மி.மீ. கூடுது.

உரசுமா உரசாதான்னு அடுத்தவர் வண்டியைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. ரிம் ஆஃப்செட், அதாவது ரிம் எவ்வளவு உள்ளே வெளியே தள்ளி நிக்குதுங்கிறது, மாறினாலே பதில் மாறிடும். ஸ்டாண்ட் மேல வண்டியை நிறுத்தி, ஒரு பக்கத்து முன் ஸ்பிரிங்கைக் கழற்றி, புது டயரை மாட்டுங்க. பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் இதுக்கு மேல அமுங்காம தடுக்குற ரப்பர் கட்டை) முட்டுற வரை சக்கரத்தை ஜாக்கியால தூக்குங்க. அப்படியே வெச்சு ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரை ஒடிங்க. டயர் தோள்ல சாக்பீஸ் தடவி வெச்சா தொடுற இடத்தில் வெள்ளையா கோடு விழும். பெரும்பாலும் மட்கார்டு உள்பக்க உறையான லைனரோட பின்பக்கக் கீழ் மூலையில்தான். சமதரையில் நிறுத்தி, இடுக்கில் கையை விட்டுப் பார்க்குறது சோதனையே இல்லை.

கேள்வி: காயில் ஸ்பிரிங் மேல 50 மி.மீ. தடிமன் ஸ்பேசர் வெச்சா உரசல் போயிடுமா சார்?

பதில்: நிக்கும்போது போகும். பள்ளத்தில் விழுந்து சஸ்பென்ஷன் முழுசா அமுங்கும்போது, பம்ப் ஸ்டாப் பழசாவே இருந்தா சக்கரமும் பழைய உயரத்துக்கே ஏறும். அங்கே டயரைத் தடுக்குறது லிஃப்ட் இல்லை, பம்ப் ஸ்டாப். அதை நீட்டுங்க.

கேள்வி: ஸ்பீடோமீட்டர்?

பதில்: முதல் கேள்வியில் உள்ள மாற்றத்துக்கு 3.5 சதவீதம் குறைச்சுக் காட்டும். முள் 100-ல் நின்னா வண்டி 103.5-ல் போகுது.

கேள்வி: லிஃப்ட் போட்டா கிரவுண்ட் கிளியரன்ஸ் ரெண்டு இஞ்ச் கூடுமே, அப்புறம் டயர் எதுக்கு?

பதில்: சாலிட் ஆக்ஸில் வண்டியில், அதாவது ரெண்டு சக்கரத்தையும் ஒரே அச்சு இணைக்கிற வண்டியில், டிஃபரென்ஷியல் (ரெண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கிற பல்சக்கரப் பெட்டி) ஆக்ஸிலோட சேர்ந்தது. லிஃப்ட் போட்டா சேஸிஸும் பாடியும் உயரும். டிஃபரென்ஷியல் ஒரு மி.மீ. கூட நகராது. பாறையில் முதல்ல இடிக்கிறது அதுதான். அதை உயர்த்துறது டயர் மட்டும்.

கேள்வி: இதை ஒத்துக்க மாட்டேன். என் வண்டி முன்பக்கம் இன்டிபென்டென்ட், ரெண்டு சக்கரமும் தனித்தனியா ஏறி இறங்கும். டிஃபரென்ஷியல் சேஸிஸில் போல்ட் ஆகியிருக்கு, லிஃப்டோட உயரத்தானே செய்யும்?

பதில்: உயரும், நீங்க சொல்றது நியாயம். நான் சொன்னது சாலிட் ஆக்ஸிலுக்கு. ஆனா உங்க வண்டியில் வேற இடத்தில் விலை கொடுக்கணும். டிஃபரென்ஷியல் மேலே போக, சக்கரம் தரையிலேயே நிக்க, நடுவில் இருக்குற டிரைவ் ஷாஃப்ட் சரிஞ்சு நிக்கும். டிரைவ் ஷாஃப்ட் முனையில் வளைஞ்சு சுத்துற மூட்டான சி.வி. ஜாயின்ட் எப்பவும் அந்தக் கோணத்திலேயே சுத்தும். அதை மூடியிருக்கிற ரப்பர் உறை, பூட், அதோட மடிப்பு ஒண்ணோட ஒண்ணு உரசிக் கிழியும், கிரீஸ் வெளியே தெறிக்கும், மண் உள்ளே போகும். சக்கரத்தைத் தாங்குற மேல் ஆர்மோட மூட்டான பால் ஜாயின்டும் அதோட எல்லைக்குப் பக்கத்தில் வந்துடும். கீழ் ஆர்மோட வெளி முனை சக்கரத்தோடதான் இருக்கு, அது உயரவே உயராது. அதனால ரெண்டு இஞ்சைத் தாண்டாதீங்க. பூட்டை அடிக்கடி குனிஞ்சு பாருங்க.

கேள்வி: என் வண்டிக்கு எந்த சைஸ் உரசாம போகும்?

பதில்: முதல் பதில். ஸ்பிரிங்கைக் கழற்றிப் பாருங்க.

கேள்வி: 33 இஞ்ச் உயர டயர் போகுமா?

பதில்: அதே பதில்தான். இனி சைஸ் கேக்குறவங்க பம்ப் ஸ்டாப் முட்டும்போது எடுத்த போட்டோவோட வாங்க.

கேள்வி: லிஃப்டுக்கு இன்ஷூரன்ஸில் பிரச்சினை வருமா?

பதில்: பாலிசி கொடுத்தவங்ககிட்ட எழுத்தில் கேளுங்க.

கேள்வி: லிஃப்டுக்கு அப்புறம் வண்டி நேரா போக மாட்டேங்குது. வளைவு முடிஞ்சும் ஸ்டியரிங் தானா திரும்பி வரலை. முன்னாடி சாலிட் ஆக்ஸில், காயில்.

பதில்: காஸ்டர், அதாவது ஸ்டியரிங் திரும்புற அச்சு பின்பக்கமா சாஞ்சிருக்கிற கோணம், குறைஞ்சிருக்கு. சேஸிஸ் உயர்ந்ததும் சேஸிஸையும் ஆக்ஸிலையும் இணைக்கிற ஆர்ம் ஆக்ஸிலை முன்பக்கமா சுழட்டிடும். டோ (முன் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கிற அளவு) மட்டும் சரி பண்ணிட்டு அலைன்மென்ட் முடிஞ்சதுன்னு அனுப்பியிருப்பாங்க. காஸ்டர் அளவை அச்செடுத்துக் கேளுங்க. துளை நடுவில் இல்லாத ஆஃப்செட் புஷ் போட்டா சரியாகும். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராம பிடிக்கிற பான்ஹார்ட் ராடும் ஆக்ஸிலை ஒரு பக்கம் இழுத்திருக்கும், ரெண்டு பக்கமும் அளந்து பாருங்க. அதுவரை வேகமா ஓட்டாதீங்க.

கேள்வி: ஸ்டெப்னி பழைய சைஸிலேயே இருக்கட்டுமா?

பதில்: வேண்டாம். சைஸ் வேறயா இருந்தா ஃபோர் வீல் போட்ட நிமிஷமே கியர் பெட்டிக்குள் இழுபறி ஆரம்பிக்கும். அஞ்சு டயரா வாங்குங்க. அஞ்சாவது அதோட இடத்தில் உட்காருதான்னு பார்த்துட்டு வாங்குங்க.