டிரைவை மாற்றும் முன் புரொப்பல்லரைப் பாருங்கள்: படகு கேள்வி பதில்

கடலோரத்தில் படகு இன்ஜின்களோடு பல வருஷம் கிடந்துவிட்டு இப்போது ஊட்டியில் ஒரு சின்ன ஷெட் வைத்திருக்கிறேன். ஸ்டெர்ன் டிரைவ், அதாவது படகுக்குள் இருக்கும் இன்ஜினின் சக்தியைப் பின்னால் வெளியே இருக்கும் புரொப்பல்லருக்குக் கொண்டுபோகும் பாகம், அதைப் பற்றிக் கேளுங்கள் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததற்கு மட்டும்தான் பதில்.

ஊட்டி: அண்ணா, கொச்சியிலிருந்து ஒரு பழைய படகு வாங்கி மேலே கொண்டுவந்தோம். 5.7 லிட்டர் மெர்க்ரூசர் இன்ஜின், கார்புரேட்டர், ஆல்பா ஒன் டிரைவ். அங்கே 4,600 ஆர்.பி.எம். ஓடியது, இங்கே 3,900 தாண்டவே மாட்டேன் என்கிறது. டிரைவ் போய்விட்டது, பிராவோ (மெர்க்ரூசரின் இன்னொரு வகை டிரைவ்) போடுங்கள் என்கிறார் மெக்கானிக்.

போடாதீர்கள் தம்பி. டிரைவ் தேய்ந்தால் சத்தம் வரும், கியர் நழுவும், ஆயிலில் இரும்புத்தூள் வரும். ஆர்.பி.எம். மட்டும் ஒழுங்காக 700 குறைகிறது என்றால் அது மலை செய்த வேலை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். 300 மீட்டர் ஏறினால் சுமார் 3 சதவீதம் பவர் போகும் என்பது பழைய கணக்கு. இன்ஜினுக்கு மூச்சு குறைந்துவிட்டது, ஆனால் தண்ணீர் அங்கே இருந்த அதே கனம்தான், புரொப்பல்லர் அதே தண்ணீரைத்தான் தள்ள வேண்டும். நம்ம மலை ரயிலே கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதானே ஏறுகிறது?

புரொப்பல்லரில் அடித்திருக்கும் பிட்ச் நம்பரைப் பாருங்கள், ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே போக வேண்டும் என்ற கணக்கு அது. 21 என்று இருந்தால் முதலில் 18 போட்டு ஓட்டுங்கள், பற்றாவிட்டால் 17. ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 ஆர்.பி.எம். ஏறும். கொச்சியில் ஓடிய வேகம் வராது, அதை மறந்துவிடுங்கள், ஆனால் ஆள் ஏறியதும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தவிக்காது. இங்கே காற்று குறைவு, பெட்ரோல் அதே அளவு, அதனால் கருப்புப் புகை வரும். கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் துளையான மெயின் ஜெட்டை ஒரு சைஸ் சின்னதாக்குங்கள். பழைய புரொப்பல்லரை மட்டும் விற்றுவிடாதீர்கள், படகு திரும்பக் கடலுக்குப் போனால் 17 போட்டு ஓட்டி இன்ஜினைத் தெறிக்கவிடுவீர்கள்.

பிட்ச் குறைத்தும் திருப்தி இல்லையென்றால் ஆல்பாவிலேயே கியர் விகிதம் (புரொப்பல்லர் ஒரு சுற்றுக்கு இன்ஜின் எத்தனை சுற்று) கூடுதலான மேல் பாகம் கிடைக்கும், 1.47க்குப் பதில் 1.62 மாதிரி. பிராவோ நேராக வந்து உட்காராது. பெல் ஹவுசிங், கப்ளர் எல்லாம் வேறு. ஆல்பாவுக்குத் தண்ணீர் பம்ப் டிரைவுக்குள்ளேயே இருக்கிறது, பிராவோவுக்கு இன்ஜினில் தனியாக மாட்ட வேண்டும். 300 குதிரைத்திறன் வரை ஆல்பா தாங்கும். உங்களுக்கு எதற்கு அந்தச் செலவு?

கொடைக்கானல்: குளிர் காற்று அடர்த்தியானது, இன்ஜினுக்கு நல்லது என்று படித்திருக்கிறேன். நீங்கள் சொல்வது தலைகீழாக இருக்கிறதே?

படித்தது சரிதான், கணக்கைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். கொச்சியில் 30 டிகிரி, இங்கே 15 என்று வையுங்கள். குளிரால் கிடைப்பது 5 சதவீதம், உயரத்தால் போவது 24. கழித்தால் சுமார் 20 சதவீதம் நஷ்டம்.

தூத்துக்குடி: அண்ணாச்சி, டிரைவ் ஆயில் வெள்ளையாக இருக்கு. டிரைவையே மாற்றணுமா?

பால் விட்ட டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. முதலில் ஒன்று செய்யுங்கள். ராத்திரி படகை டிரெய்லரில் ஏற்றி டிரைவை நேராக இறக்கி அப்படியே விடுங்கள். காலையில் இன்ஜினைத் தொடாமல், ஆயில் வடிக்கும் கீழ் ஸ்குரூவை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் கனம், அடியில் தங்கும், தனியாகப் பிரிந்திருந்தால் முதலில் சொட்டுவது அதுதான். அந்த ஸ்குரூ நுனியில் காந்தம் இருந்தால் விரலால் தடவிப் பாருங்கள். மாவு மாதிரி கருப்புப் பசை என்றால் பயமில்லை. ஊசி மாதிரி குத்தினால் பல் உடைந்திருக்கிறது, அப்போது டிரைவ் மாற்றுவதைப் பேசலாம்.

பல தடவை குற்றவாளி அந்த ஸ்குரூ வாஷர்தான். பழையதையே திரும்பப் போட்டு முறுக்குவார்கள், தண்ணீர் அந்த வழியாகவே வரும். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புது வாஷர். அடுத்தது புரொப்பல்லர் ஷாஃப்ட் சீல், தூண்டில் நரம்பு சுற்றி அறுத்துவிடும். ஆயிலைக் கீழிருந்து மேலே ஏற்றுங்கள், மேல் ஓட்டையில் வழியும் வரை. மேலிருந்து ஊற்றினால் காற்று அடைத்துக்கொண்டு அரை டிரைவ்தான் நிரம்பும்.

கொடைக்கானல்: மன்னிக்கவும், என் ஜீப் வத்தலக்குண்டில் எப்படி இழுக்கிறதோ அப்படியேதான் இங்கேயும் இழுக்கிறது. 20 சதவீதம் எங்கே போனது?

ஜீப்புக்கு கியர் இருக்கிறது, நீங்கள் அறியாமலே ஒரு கியர் இறக்கி ஓட்டுவீர்கள். படகுக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று, அவ்வளவுதான். புரொப்பல்லரை மாற்றுவதுதான் அதற்கு கியர் மாற்றுவது.

ராமேஸ்வரம்: இரண்டு இன்ஜின் படகு. ஒரு டிரைவை மட்டும் புதுசு போடலாமா?

போடலாம், இரண்டிலும் கியர் விகிதம் ஒன்றாக இருந்தால். ஆல்பா ஜோடியில் ஒன்று எதிர்ப்பக்கம் சுற்றும் கீழ் பாகமாக இருக்கும், எது என்று பார்த்து வாங்குங்கள். பிராவோ ஒன் எந்தப் பக்கமும் சுற்றும், அந்தத் தொல்லை இல்லை.

பெங்களூரு: இரட்டை புரொப்பல்லர் டிரைவ் விலைக்குத் தகுந்ததா?

வால்வோ பென்டா 1982லேயே கொண்டுவந்த சமாச்சாரம் அது. பிடிப்பு நன்றாக இருக்கும், படகு நேராகப் போகும், அடி வாங்கினால் இரண்டு புரொப்பல்லருக்கும் சேர்த்து அழ வேண்டும். உங்கள் ஏரியில் பாறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கூடலூர்: ஆயில் வெள்ளையாக வருகிறது, என்ன செய்வது?

தூத்துக்குடிக்காரருக்குச் சொன்னதை மேலே படியுங்கள். வாஷர்.

சென்னை: ஸ்டியரிங் திருப்பினால் பின்னால் உறுமுகிறது.

கிம்பல் பேரிங், இன்ஜினிலிருந்து டிரைவுக்குப் போகும் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங். டிரைவைக் கழற்றும்போது அந்த ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறையான பெல்லோஸையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், அந்த ரப்பர் வெடித்ததால் தண்ணீர் புகுந்துதான் பேரிங்கே போயிருக்கும். விட்டால் படகுக்குள்ளும் தண்ணீர் வரும். திரும்ப மாட்டும் முன், இன்ஜின் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் அலைன்மென்ட் ராடு கையால் தள்ளினாலே வழுக்கிப் போக வேண்டும். சுத்தியல் எடுக்கிறவனை ஷெட்டுக்குள் விடாதீர்கள்.

குன்னூர்: ஏரித் தண்ணீருக்கு ஜிங்க் போதுமா?

போதாது. டிரைவ் அரிக்காமல் இருக்க அதற்குப் பதில் தான் கரையும் துண்டுதான் ஜிங்க், நல்ல தண்ணீரில் அதன் மேல் படலம் படிந்து வேலை செய்யாது. மெக்னீசியம் போடுங்கள். அதைக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள், வேகமாகக் கரைந்துவிடும்.

நாகப்பட்டினம்: அண்ணே, ஆயில் பால் மாதிரி...

வாஷர், வாஷர், வாஷர். 

கொடைக்கானல்: கடைசியாக ஒன்று. ஒரே கியரில் வைத்தும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வித்தியாசமே இல்லை. டர்போ டீசல் வண்டி அது.

ஐயா, டர்போ என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். காற்றை அமுக்கி உள்ளே தள்ளத்தான் டர்போ, அதற்கு உயரம் அவ்வளவாக உறைக்காது. ஊட்டிக்காரர் இன்ஜினில் டர்போ கிடையாது. அவர் நேற்று 18 போட்டு ஓட்டியிருக்கிறார், 4,400 வந்ததாம். பிராவோ பேச்சை மெக்கானிக் இப்போது எடுப்பதில்லையாம்.