போஸ்டர் போட்டியில் கூடுதல் நேரம் கேட்க 40 சதவீதம் வேண்டுமா?

கேள்வி: அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கிறேன். பார்வைக் குறைபாடு 30 சதவீதம் என்று சான்றிதழ் இருக்கிறது. அடுத்த மாதம் துறையின் போஸ்டர் போட்டியில் நடுவர் முன் 5 நிமிடம் விளக்க வேண்டும். கூடுதல் நேரம் கேட்டால், "40 இருந்தால்தான் சலுகை" என்கிறார்கள். போஸ்டரும் பரிசுச் சான்றிதழும் சேர்த்துத் தருவதாக ஒரு டிசைன் சென்டர் சொல்கிறது. நம்பலாமா?

பதில்: கூடுதல் நேரம் கேட்க 40 தேவையில்லை. அந்தக் கணக்கு இடஒதுக்கீடு போன்றவற்றுக்கு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 16ஆம் பிரிவைப் பாருங்கள். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனம், மாணவரின் தேவைக்கு ஏற்ற வசதியைச் செய்து தர வேண்டும். அதில் சதவீதமே இல்லை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர், குடிமைப்பணித் தேர்வில் தனக்காக எழுத ஆள் கேட்டார். 40 இல்லையென்று யுபிஎஸ்சி மறுத்தது. விகாஷ் குமார் என்ற அந்த வழக்கில், இத்தகைய வசதிக்கு 40 சதவீதத்தை நிபந்தனையாக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் துறை அலுவலகங்களில் அதே பழைய பதிலைச் சொல்லி மாணவர்களைத் திருப்பி அனுப்புவது எரிச்சலாக இருக்கிறது.

வாயால் கேட்டால் வாயாலேயே மறுப்பார்கள். போட்டி ஒருங்கிணைப்பாளருக்குக் கடிதம் எழுதி, பதிவாளருக்கும் நகல் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். "சலுகை வேண்டும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். 5 நிமிடத்துக்குப் பதில் 8 நிமிடம், ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்காத இடம், நடுவர் விரலால் காட்டாமல் "மூன்றாவது படம்" என்று சொல்லிக் கேட்பது என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிடுங்கள்.

அந்த டிசைன் சென்டர் பக்கம் போகவே போகாதீர்கள். போட்டி நடக்கும் முன்பே பரிசுச் சான்றிதழ் தருகிறவர் எதை விற்கிறார் என்று யோசியுங்கள். பேருக்கு ஒரு "சர்வதேச மாநாடு", பணம் கட்டிய எல்லோருக்கும் "சிறந்த போஸ்டர்" விருது. பிறகு நேர்முகத் தேர்வில் யாராவது அதைத் துருவினால் பதில் சொல்ல நீங்கள்தான் நிற்க வேண்டும், அவர் வரமாட்டார். பல்கலைக்கழகங்களும் சான்றிதழ்களை எண்ணி மதிப்பெண் போடுவதால்தான் இந்தக் கடைகள் பிழைக்கின்றன.

இன்னொரு தொல்லையும் உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தமிழைத் தட்டி, கடைசியில் எழுத்துகளைப் படமாக மாற்றிவிடுவார்கள். பார்வையற்ற மாணவர் அந்தக் கோப்பைத் திறந்தால், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருள் உளறும், இல்லையென்றால் வாயே திறக்காது. பளபளக்கும் ஃபிளெக்ஸில் அடித்தால் விளக்கு வெளிச்சம் பட்டு உங்களாலேயே படிக்க முடியாது.

பவர்பாயின்டில் பக்க அளவை 84.1க்கு 118.9 சென்டிமீட்டர் என்று வைத்து நீங்களே செய்யுங்கள். யூனிகோட் எழுத்து, அளவு 32க்குக் குறையாமல். வரைபடத்தில் சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம்; நீலமும் ஆரஞ்சும் நிறக்குருடு உள்ளவருக்கும் பிரிந்து தெரியும். பளபளப்பில்லாத மேட் தாளில் அச்சடியுங்கள். போஸ்டரின் உரை முழுவதையும் கியூஆர் குறியீட்டில் இணைத்துவிட்டால் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் வைத்திருப்பவர் கேட்டுக்கொள்வார்.

கடிதத்துக்கு ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால், முத்திரை போட்ட நகலோடு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுங்கள். போட்டி முடியும்வரை காத்திருக்காதீர்கள்.