வாசகர் கேள்வி – பதில்: படித்துவிட்டு இறங்கவா, இறங்கிவிட்டுப் படிக்கவா?

கேள்வி: ஓட்டுப் போட்டதோடு கடமை முடிந்தது என்று இருக்க மனசு ஒப்பவில்லை. ஆனால் சட்டம், பட்ஜெட் எதுவும் தெரியாமல் ஒரு கூட்டத்துக்குப் போய் என்ன பேசுவது? எல்லாம் படித்துவிட்டு அப்புறம் இறங்கலாமா?

பதில்: படித்து முடிக்கிற நாள் என்று ஒன்று வரவே வராது. இப்போதே இறங்குங்கள்.

அமெரிக்காவில், பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதான கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸை, ஒருநாள் வேலை முடிந்து களைத்துப்போய் மறுத்துவிட்ட தையல்காரப் பெண் என்றுதான் நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கிறோம். அது நடந்தது 1955 டிசம்பர் 1 அன்று. ஆனால் அவர் 1943 முதலே கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் மான்ட்கோமரி நகரக் கிளைச் செயலாளராக இருந்தவர். வாக்காளராகப் பதிவு செய்யவே பலமுறை அலைந்து 1945இல்தான் அது கைகூடியது. கைதாவதற்குச் சில மாதங்கள் முன்புகூட டென்னசி மாநிலத்தில், சமூகப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்த ஹைலாண்டர் பள்ளியின் பயிலரங்கில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்திருந்தார். களப்பணியும் படிப்பும் அவருக்குச் சேர்ந்தே நடந்தன.

இன்னொருவரைச் சொல்லியே ஆகவேண்டும், எனக்கு மிகவும் பிடித்தவர். எழுதப் படிக்கத் தெரியாது என்று சொல்லிக் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நிறுத்திய காலத்தில், 1957இல், அதே அமெரிக்காவில், தென் கரோலினா மாநிலத்தின் ஜான்ஸ் தீவில் ஒரு கடையின் பின்னறையில் பெரியவர்களுக்கான வகுப்பு தொடங்கியது. நடத்திய பெர்னிஸ் ராபின்சன் ஆசிரியர் அல்ல, முடி அலங்காரத் தொழில் செய்தவர். உங்களுக்கு என்ன கற்க வேண்டும் என்று வகுப்புக்கு வந்தவர்களிடமே கேட்டார். பெயர் எழுத வேண்டும், தபாலில் பொருள் வாங்கும் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றார்கள். சரி என்று அங்கிருந்து ஆரம்பித்து, வாக்காளர் பதிவுக்கு வேண்டிய பாடம் வரை கொண்டுபோனார்.

நீங்களும் அப்படியே, தினமும் உங்களை உறுத்துகிற ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். பள்ளியோ, தண்ணீரோ, எதுவானாலும். அதற்கான சட்டத்தின் மூலத்தையே வாசியுங்கள், அதைப் பற்றி மற்றவர்கள் சொல்வதை அப்புறம் பார்க்கலாம். பட்ஜெட்டில் அந்த ஒரு வரியை மட்டும் தேடி, போன ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று பாருங்கள். புரியாததை அந்த அலுவலகத்திடமே எழுத்தில் கேளுங்கள். தகவல் கேட்கிற உரிமையைச் சட்டமாக்கிய முதல் நாடு ஸ்வீடன், 1766இல், இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது இருக்கிறது. உங்கள் பிரதிநிதி அந்த விஷயத்தில் என்ன வாக்குக் கொடுத்தார், அவையில் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்பதைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

கூட்டத்தில் என்ன பேசுவது என்று கேட்டீர்களே. முதல் கூட்டத்தில் பேசவே வேண்டாம், அந்த நோட்டிலிருந்து ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்.