மூணாறு குளிரும் தோயாத தயிரும்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமாகி மூணாறு எஸ்டேட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. ஊரில் ராத்திரி உறை ஊற்றினால் காலையில் வெட்டி எடுக்கிற மாதிரி தயிர் இருக்கும். இங்கே மார்கழி பிறந்ததிலிருந்து, விடிந்து பார்த்தாலும் பால் பாலாகவே இருக்கிறது. உறையை இரண்டு மூன்று கரண்டி கூட்டிப் பார்த்தேன். தண்ணீர் விட்டுப் புளித்ததுதான் மிச்சம். இரண்டு தடவை நூல் நூலாக இழுத்தது. மிளகாய்க் காம்பு போடச் சொல்கிறார்கள், போடலாமா? பக்கத்து லயத்தில் (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) கறக்கிற பசும்பால்தான் வாங்குகிறேன்.

பதில்: உறை ஊற்றுகிற உங்கள் கையில் ஒரு தப்பும் இல்லை. சங்கரன்கோவிலில் நடுராத்திரி எழுந்து தொட்டுப் பார்த்தாலும் தயிர்ப் பாத்திரம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். மூணாற்றில் ஒன்பது மணிக்கு ஊற்றிய பால் பதினொரு மணிக்கெல்லாம் சில்லிட்டுப் போகும். விஷயம் அவ்வளவுதான்.

உறைமோரில் இருக்கிற நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக்குகின்றன. புளிப்பைக் காட்டும் பிஹெச் எண் பாலில் 6.6 அளவில் இருக்கும்; புளிப்பு கூடினால் எண் குறையும். அமிலம் ஏற ஏற அது இறங்கி 4.6-ஐ நெருங்கும்போது கேசின் என்ற புரதம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. அந்தப் பின்னல்தான் தயிர். நம் வீட்டுத் தயிரின் கிருமிகளுக்கு 30 டிகிரி அளவு இருந்தால் எட்டு மணி நேரத்தில் வேலை முடியும். 20-க்குக் கீழே போனால் தூங்கி வழியும். அந்த நேரத்தில் உறையைக் கூட்டினால் என்ன ஆகும்? தூங்குகிறவர்களின் எண்ணிக்கைதான் கூடும். கூடவே உறையில் ஏற்கெனவே இருக்கும் புளிப்பும் பாலில் சேர்ந்து, பின்னல் ஒழுங்காக விழாமல் தண்ணீர் பிரியும். நீங்கள் பார்த்தது இதைத்தான். அரை லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி போதும். குளிர் கடுமையாக இருக்கிற நாளில் மூன்று. அதற்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று, பால் காய்ச்சுவது. பொங்கி வந்ததும் இறக்கிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன், எல்லாரும் அப்படித்தான். பால் கொதிப்பதற்கு முன்பே ஆடைக்கு அடியில் ஆவி சேர்ந்து பொங்கிவிடும். மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீரே 95 டிகிரி அளவில் கொதித்துவிடுகிறது. அந்தச் சூடே தாராளம். ஆனால் நேரம் கொடுக்க வேண்டும். பொங்கியபின் தீயைத் தணித்து, அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டு பத்து நிமிடம் வையுங்கள். பாலின் தெளிநீரில் இருக்கிற புரதமும் அந்தச் சூட்டில் உருமாறி கேசினோடு ஒட்டிக்கொள்ளும், தயிர் தண்ணீரைப் பிடித்து நிற்கும். கொஞ்சம் வற்றுவதும் நல்லதுதான். ஊரில் நீங்கள் சாப்பிட்டது எருமைத் தயிராக இருந்தால் அந்தக் கெட்டி பசும்பாலில் வராது. எருமைப்பாலில் கொழுப்பும் அதிகம், புரதமும் அதிகம்.

சரி, சூட்டை எப்படிப் பிடித்து வைப்பது? முதலில் ஒன்பது மணியை விடுங்கள். சாயங்காலம் அடுப்பு எரிகிற நேரத்திலேயே, ஆறரை ஏழுக்குள் ஊற்றிவிடுங்கள். பாலில் சுண்டுவிரலை விட்டு ஒன்றிலிருந்து பத்து வரை நிதானமாக எண்ண முடிய வேண்டும். நாலு எண்ணுவதற்குள் விரலை இழுத்துக்கொண்டால் இன்னும் ஆற வேண்டும். பால் குளிரூட்டும் நிலையத்து ஆய்வகத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அப்படிப்பட்ட நானே ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஆவி பறக்கிற பாலில் உறையை ஊற்றிவிட்டுப் போனேன். மறுநாள் கிடைத்தது மணல் மணலாகத் திரிந்த பால். 50 டிகிரியைத் தாண்டினால் வீட்டு உறை தாங்காது. உறை ஃபிரிட்ஜிலிருந்து வந்தால் அரைமணி முன்பே வெளியே எடுத்து வைத்து, கட்டியில்லாமல் அடித்து ஊற்றுங்கள்.

அப்புறம் பாத்திரம். மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவை வெந்நீரில் ஒருமுறை அலசிவிட்டு அதில் ஊற்றுங்கள். அதைப் பெரிய குக்கருக்குள் இறக்கி, டப்பாவின் பாதி உயரத்துக்கு, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் விட்டு மூடுங்கள். குக்கரையே கம்பளியில் சுற்றி, விறகடுப்பின் ஓரமாக, தணலில் படாமல் வையுங்கள். ஹாட்பாக்ஸ் இருந்தால் இன்னும் சுலபம். அரை லிட்டருக்குப் பதில் ஒரு லிட்டராகப் போட்டால் சூடு சீக்கிரம் இறங்காது. நடுவில் திறந்து ஆட்டிப் பார்க்காதீர்கள். பின்னல் அறுந்தால் மறுபடி ஒட்டாது. தோய்ந்ததும் கம்பளியை விலக்கி ஜன்னலோரம் வைத்துவிடுங்கள். மூணாற்றுக் காற்றே ஃபிரிட்ஜ் வேலையைச் செய்யும், புளிப்பு ஏறாது.

நூல் இழுப்பது வேறு சங்கதி. சில வகைக் கிருமிகள் பிசின் போன்ற சர்க்கரைப் பொருளைச் சுரக்கும். குளிரில் அவற்றின் கை ஓங்கிவிடும். அதனால் விஷமாகிவிடாது, ஆனால் அதையே திரும்பத் திரும்ப உறையாகப் போட்டால் நூல் தொடரும். கெட்ட வாடையோ நிறமோ இருந்தால் கொட்டிவிடுங்கள். இல்லாவிட்டாலும் உறையை மாற்றுங்கள். தயிர் நன்றாக விழுகிற வீட்டில் ஒரு கரண்டி கேளுங்கள்; மலையாளத்திலும் ‘உற’ என்றுதான் சொல்கிறார்கள், கேட்பதில் சிரமம் இருக்காது. கடையில் வாங்கும் பாக்கெட் தயிரிலும் யோகர்ட்டிலும் சில, 42 டிகிரி அளவு சூடு கேட்கிற வகை. அதை உறையாக்கினால் கம்பளி இன்னொரு சுற்று வேண்டியிருக்கும்.

மிளகாய்க் காம்பில் லாக்டிக் கிருமிகள் உண்டு என்பது உண்மை. ஆனால் கூடவே வேறு என்னென்ன வரும் என்று சொல்ல முடியாது. ஒரு சொட்டு உறைகூடக் கிடைக்காத ஊரில் அது உதவும். அப்போதும் முதல் தடவை விழுந்ததைச் சாப்பிடாமல் உறையாக மட்டும் எடுத்து, இரண்டு மூன்று தடவை மாற்றிய பிறகு சாப்பிட வேண்டும். லயம் நிறைய ஆட்கள் இருக்கிற இடத்தில் காம்பு எதற்கு?

இவ்வளவு செய்தும் தோயவில்லை என்றால் பாலைச் சந்தேகப்படுங்கள். ஒரே உறையை இரண்டு டம்ளரில், ஒன்றில் இந்தப் பால், இன்னொன்றில் பாக்கெட் பால் என்று ஊற்றி ஒரே குக்கருக்குள் வையுங்கள். பாக்கெட் பால் தோய்ந்து இது தோயாவிட்டால், மாட்டுக்கு மடிநோய்க்கு ஊசி போட்டார்களா என்று பக்குவமாக விசாரியுங்கள். அந்த மருந்து பாலில் இறங்கி உறைக் கிருமிகளை எழவிடாது. மருத்துவர் சொன்ன நாள் கழியும் வரை அந்தப் பால் குடிக்கவும் ஆகாது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அம்மா வீட்டு எருமைத் தயிரை ஒரு சின்ன டப்பாவில் உறைக்குக் கொண்டு வரலாம். மண்சட்டியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அது ஈரத்தைக் கசியவிட்டுப் பாலைக் குளிரவைக்கிற பாத்திரம், மூணாற்றில் அதற்கு வேலை இல்லை.