நிஜப் பென்குயினைச் சின்னதாக்கி வைத்தது போன்ற பொம்மைகளைச் சேகரிக்க ஆசை. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

முதலில் காலைப் பாருங்கள். எம்பரர் பென்குயினின் பாதம் கறுப்பு. ஆனால் எம்பரர் என்று விற்கும் மலிவுப் பொம்மைகள் பலவற்றுக்கு வாத்துக்கு அடிப்பதுபோல ஆரஞ்சு அடித்திருப்பார்கள். காலிலேயே கவனம் இல்லாதவர் முகத்தில் மட்டும் கவனமாக இருந்திருக்க மாட்டார். ஆரஞ்சுக் கால்தான் பிடிக்கும் என்றால் ஜென்டூ என்ற இனத்தை வாங்குங்கள். அதன் அலகிலும் ஆரஞ்சு உண்டு. ஒரு கண்ணுக்கு மேலிருந்து மறு கண் வரை உச்சந்தலை வழியாக வெள்ளைப் பட்டை போகும்.

அடுத்தது கழுத்து. எம்பரரும் கிங் பென்குயினும் பார்வைக்கு ஒரே மாதிரிதான். எம்பரரின் காதருகே இருக்கும் மஞ்சள் கீழே இறங்க இறங்க வெளுத்து, மார்பின் வெள்ளையில் கரைந்துவிடும். கிங்கின் திட்டு அடர் ஆரஞ்சு. சுற்றிலும் கறுப்பு கோடு போட்டதுபோல் பிரித்துக் காட்டும். எம்பரரின் மஞ்சள் அப்படிக் கரைவதைத் தூரிகையால் கொண்டுவருவது கஷ்டம். அதைச் சரியாகச் செய்திருக்கும் பொம்மைக்குக் கூடுதலாகக் காசு கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. குஞ்சும் முக்கியம்: எம்பரர் குஞ்சு சாம்பல் நிறம், வெள்ளை முகம், கறுப்புத் தலை. கிங் குஞ்சு முழுக்கப் பழுப்பு. எம்பரர் பக்கத்தில் பழுப்புக் குஞ்சு நிற்கும் செட்டை வாங்காதீர்கள்.

கம்பெனி என்று பார்த்தால் ஜெர்மனியின் ஷ்லைக், பிரான்சின் பாப்போ, அமெரிக்காவின் சஃபாரி, அப்புறம் கலெக்டா. பொம்மையின் அடியில் பெயரும் பெரும்பாலும் ஆண்டும் அச்சாகியிருக்கும். பழையது வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். என் மனசுக்கு நெருக்கமானது ஜப்பானின் கையோடோ. 1999-இல் ஃபுருட்டா கம்பெனியின் சாக்லேட் முட்டைக்குள் வைக்க இவர்கள் செய்த குட்டி விலங்குகளைப் பார்த்தால், கட்டைவிரல் அளவில் இவ்வளவு நுணுக்கம் முடியுமா என்று தோன்றும்.

அளவு விஷயத்தில் ஒரு சிக்கல். ஒரு குழாய் டப்பாவில் பல இனங்களைப் போட்டு விற்கும்போது எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் செய்துவிடுகிறார்கள். நிஜத்தில் எம்பரர் 110 செ.மீ.க்கு மேல் வளரும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் குட்டி நீலப் பென்குயின் 30 செ.மீ. சுமார்தான். பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் 11 செ.மீ. எம்பரருக்குப் பக்கத்தில் 3 செ.மீ. நீலம் நிற்க வேண்டும். இனங்களைக் கற்க அந்த டப்பாக்கள் நல்லவை, விலையும் குறைவு. அலமாரியில் மட்டும் அவற்றைப் பெரிய பொம்மைகளோடு கலக்காமல் தனி வரிசையாக வையுங்கள்.

பராமரிப்பு: பெரும்பாலானவை பிவிசி பிளாஸ்டிக். வெயில் படும் இடம் கூடாது. பென்குயினின் வெள்ளை வயிறு மஞ்சளானால் பளிச்சென்று தெரியும். வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் சோப்பு, மென்மையான பிரஷ் போதும். தின்னர் பக்கமே போகாதீர்கள், பெயிண்ட் கையோடு வந்துவிடும். முன்பக்கம் சாய்ந்து நிற்காமல் விழுந்தால், கால்களைச் சூடான நீரில் சிறிது நேரம் முக்கி, நிமிர்த்திப் பிடித்து, உடனே குளிர்ந்த நீரில் வையுங்கள். நிற்கும்.

மார்பில் பட்டை உள்ள இனங்களைக் கொஞ்சம் பழகிய பிறகு வாங்குங்கள், அவைதான் குழப்பும். மெகல்லனிக்குக்கு இரண்டு கறுப்புப் பட்டைகள். ஆப்பிரிக்கப் பென்குயினுக்கும் ஹம்போல்ட்டுக்கும் ஒன்றுதான். முன்னதற்குக் கண்ணுக்கு மேலே இளஞ்சிவப்புத் தோல் தெரியும், பின்னதற்கு அலகின் அடியைச் சுற்றி. மும்பை பைகுலா உயிரியல் பூங்காவுக்கு 2016-இல் ஹம்போல்ட் பென்குயின்கள் வந்தன. அந்தப் பக்கம் போனால் அலகடியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், கடையில் ஏமாற மாட்டீர்கள். இப்போதைக்கு ஜென்டூ, அடேலி, சின்ஸ்ட்ராப் மூன்றும் போதும். முகத்தைப் பார்த்தே சட்டென்று பெயர் சொல்லிவிடலாம்.