ஒரே பதிவு, இரண்டு நீதிமன்றங்கள்

கேள்வி: கிள்ளானில் வசிக்கிறேன், வயது 28. எதிர்த் தரப்புக்கு ஓட்டுப் போடுவது பாவம் என்று ஓர் அரசியல்வாதி செராமாவில் (அரசியல் பரப்புரைக் கூட்டத்தில்) பேசிய காணொளியைப் பகிர்ந்து, முகநூலில் தமிழில் இப்படி எழுதினேன்: "ஓட்டுக்காகக் கடவுளை இழுக்காதீங்க. இவங்களுக்கு எப்பவும் இதே வேலைதான்." அதன் கீழே யாரோ இஸ்லாத்தைக் கேவலமாகத் திட்டி கமெண்ட் போட்டிருக்கிறார். இரண்டு நாள் நான் கவனிக்கவில்லை. கோலாலம்பூரில் இருக்கும் என் முஸ்லிம் நண்பர், "எங்கள் மார்க்கம் இப்படிச் சொல்லவில்லை" என்று எழுதி என் பதிவைப் பகிர்ந்தார். இப்போது என்மீது போலீஸ் புகார். வாக்குமூலம் கொடுக்க வரச் சொல்லி வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்திருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் போதுமா? நண்பருக்கும் ஆபத்து உண்டா?

பதில்: முதலில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். எதையும் அவசரப்பட்டு அழிக்க வேண்டாம், மன்னிப்பும் எழுத வேண்டாம். பயத்தில் எழுதும் மன்னிப்பில், செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்ளும் வரி ஒன்று எப்படியோ வந்துவிடும். எத்தனையோ பேருடைய கடிதங்களில் அதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

மலேசியாவில் மதத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று சாப்பாட்டுக் கடைகளில் சொல்வார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 10வது பிரிவு குடிமக்களுக்குப் பேச்சுரிமை தருகிறது. அதற்கு வரம்பு போடும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கும் தருகிறது. 1969 மே கலவரத்துக்குப் பிறகு, 1971ல், சில விஷயங்களைக் கேள்வி கேட்பதையே தடுக்கச் சட்டம் இயற்றலாம் என்று சேர்த்தார்கள்: குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர் மற்றும் சபா, சரவாக் பூர்வகுடியினரின் சிறப்பு நிலை, ஆட்சியாளர்களின் இறையாண்மை. அந்தப் பட்டியலில் மதம் இல்லை. ஓட்டுக் கேட்க மதத்தைப் பயன்படுத்தும் அரசியல்வாதி அதில் நிச்சயமாக இல்லை.

சரி, உங்கள்மீது எதைப் போடலாம்? தண்டனைச் சட்டத்தொகுப்பின் 298வது பிரிவு மத உணர்வைப் புண்படுத்துவதைப் பற்றியது. ஓராண்டு வரை சிறை. ஆனால் புண்படுத்த வேண்டும் என்ற திட்டமிட்ட நோக்கம் இருந்ததை அரசுத் தரப்பு காட்டியாக வேண்டும். 'ஓட்டுக்காகக் கடவுளை இழுக்காதீங்க' என்ற வரியில் அப்படியொரு நோக்கத்தை நான் பார்க்கவில்லை. இணையத்தில் தகாததைப் பதிவிடுவது பற்றிய தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233வது பிரிவுக்கு 2025 பிப்ரவரி முதல் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. தொகையைக் கேட்டுப் பயப்படாதீர்கள், அங்கேயும் நோக்கம் என்ற கேள்வி உண்டு.

எனக்குக் கவலை 1948ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டம்தான். அந்தச் சட்டத்தின்படி உங்கள் நோக்கம் முக்கியமில்லை. சொன்ன சொல்லுக்கு இனங்களுக்கிடையே பகைமை மூட்டும் போக்கு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். முதல் குற்றத்துக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு உட்பட்டதே என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2015ல் சொல்லிவிட்டது.

உங்கள் பதிவில் ஆபத்தான சொல் 'கடவுள்' இல்லை, 'இவங்களுக்கு' என்பதுதான். பேச்சுத் தமிழில் 'இவங்க' என்றால் பல பேராகவும் இருக்கலாம், மரியாதையாகச் சொல்லப்படும் ஒரே ஆளாகவும் இருக்கலாம். விசாரணை அதிகாரி படிக்கப்போவது மலாய் மொழிபெயர்ப்பை. அதில் அது 'மெரேக்கா' (பலரைக் குறிக்கும் 'அவர்கள்') என்று வந்துவிட்டால் அவ்வளவுதான், ஓர் அரசியல்வாதியைக் கண்டித்த வரி ஓர் இனத்தையே இழித்த வரியாக மாறிவிடும். நீங்கள் சொன்னது அந்த அரசியல்வாதியையா, அவர் கட்சியையா, வேறு யாரையாவதா? உண்மையான பதிலை முதலில் உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பைப் பார்க்காமல் அதன் அடிப்படையில் எந்தக் கேள்விக்கும் விளக்கம் கொடுக்க வேண்டாம்.

அப்புறம் அந்த கமெண்ட். சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவின்படி, பக்கத்துக்குச் சொந்தக்காரராகத் தெரிபவரே அதில் வெளியானதைப் பதிப்பித்தவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. வாசகர்களின் கமெண்டுகளுக்காக மலேசியாகினி நிறுவனம் 2021 பிப்ரவரியில் நீதிமன்ற அவமதிப்புக்கு 5 லட்சம் ரிங்கிட் அபராதம் கட்ட வேண்டியிருந்தது. போலீஸ் தொடர்புகொண்ட சில நிமிடங்களில் அவர்கள் அவற்றை நீக்கியிருந்தார்கள், அப்படியும் தப்பவில்லை. அது செய்தி நிறுவனம், நீங்கள் தனிமனிதர், வித்தியாசம் உண்டு. ஆனாலும் அந்த கமெண்டைத் தேதி, நேரம், எழுதியவர் கணக்கு தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டு, பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவிடுங்கள். சொந்தப் பதிவு அப்படியே இருக்கட்டும்.

வாட்ஸ்அப் அழைப்புக்கு மரியாதையாகப் பதில் அனுப்புங்கள்: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 111வது பிரிவின் கீழ் எழுத்துபூர்வமான உத்தரவு தந்தால் வழக்கறிஞருடன் வருகிறேன் என்று. போய் உட்கார்ந்தபின் 112வது பிரிவு பொருந்தும். கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் உங்கள்மீதே குற்றச்சாட்டு வரவைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் மறுக்கும் உரிமை அதே பிரிவிலேயே இருக்கிறது. கைப்பேசியைக் கேட்டால் சண்டை போடாதீர்கள். சோதனையின்போது கடவுச்சொல்லையும் கேட்க இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் உண்டு. பறிமுதல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவேளை கைது செய்தால், கேள்வி தொடங்கும் முன்பே உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ள விட வேண்டும். பண வசதி இல்லையென்றால் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர் வேண்டும் என்று கேளுங்கள், தடுப்புக் காவல் விசாரணைக்கு இலவசமாக வருவார்.

இனி உங்கள் நண்பர். உங்களைவிட அவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். நீங்கள் எழுதியதைவிட மென்மையாகவே அவர் எழுதியிருக்கிறார். தன் மார்க்கத்தின் மீதுள்ள பிடிப்பில் எழுதிய வரி அது. ஆனால் இஸ்லாமியச் சட்டப்படி விசாரிக்கும் ஷாரியா நீதிமன்றத்துக்கு முஸ்லிம் அல்லாத உங்கள்மீது அதிகாரம் இல்லை, அவர்மீது உண்டு. கோலாலம்பூரில் இருப்பவருக்கு 1997ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேச ஷாரியா குற்றச் சட்டம் பொருந்தும். இஸ்லாத்தை இழிவுபடுத்துவதும், நடப்பிலுள்ள ஃபத்வாவுக்கு (மார்க்கத் தீர்ப்புக்கு) முரணான கருத்தைப் பரப்புவதும் அதில் குற்றம். 3,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. மேலே நான் சொன்ன சட்டங்களும் அவருக்கு உண்டு. உங்களுக்கு ஒரு வாசல், அவருக்கு இரண்டு. தன் மதத்தின் பெயரால் ஒருவர் ஓட்டுக் கேட்கும்போது 'அது அப்படி இல்லை' என்று சொல்ல அதிக உரிமை உள்ளவர் அந்த மதத்தைச் சேர்ந்தவர்தானே? அவருக்கே ஆபத்து கூடுதல் என்பதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அவருக்கு வலுவான வாதம் இருக்கிறது. அரசியல்வாதியின் செராமா பேச்சு ஃபத்வா ஆகாது. முறைப்படி அரசிதழில் வெளியானதுதான் ஃபத்வாவாகக் கட்டுப்படுத்தும். ஓட்டு பற்றிய அப்படியொரு ஃபத்வா கூட்டரசுப் பிரதேசத்தில் நடப்பில் உள்ளதா என்பதை அவருடைய வழக்கறிஞர் முதல் வேலையாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

அந்த வழக்கறிஞராக நான் நிற்க முடியாது. கூட்டரசுப் பிரதேச ஷாரியா நீதிமன்றங்களில் முஸ்லிம் அல்லாதவர் வாதாட முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2016ல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. எனவே ஷாரியா உரிமம் உள்ள ஒருவரை அவர் இந்த வாரமே பார்க்கட்டும். மத இலாகாவிலிருந்து அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். நீங்கள் வாக்குமூலம் கொடுக்கும்போது அவர் பெயரை நீங்களாக எடுக்காதீர்கள்.